இடது காது மதிப்பெண்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஊருக்குத் தெரியாத இன்னொரு பெயர் இருந்தது. இரும்புக்காது. அந்தப் பெயரில் அவர் மெட்டல் ஆல்பங்களுக்கு இணையத்தில் விமர்சனம் எழுதினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். அதில் ஒருவர் மனைவியின் அண்ணன். ஏதோ ஒரு நாள் கை தவறிப் பொத்தானை அழுத்திவிட்டு, இப்போது விலகினால் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்று அப்படியே விட்டுவைத்தவர்.

மெட்டல் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு அவர் மனைவி சுருக்கமாக ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "ரெண்டு கிடார், ஒரு டிரம்ஸ், நடுவுல வயித்துவலிக்காரன் ஒருத்தன். அவ்வளவுதான்."

கடையில் அவரைப் பார்க்கிறவர்கள் இந்த ஆளா என்று வாயைப் பிளப்பார்கள். நாற்பத்தாறு வயது. முன்மண்டையில் முடி விடைபெற்றுப் பல வருஷமாயிற்று. கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. பின்னறை இருட்டில் எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா? அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் கேட்பார். ஆனால் இரும்புக்காதாக மாறி எழுத உட்கார்ந்துவிட்டால் மனிதர் வெறிபிடித்த ஆளாகிவிடுவார். "இந்த டிரம்ஸ்காரருக்கு என் அனுதாபங்கள். யாரோ அவரிடம் வாளியைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று எழுதுவார். எழுதிவிட்டு, அடுத்து வந்த பாட்டியம்மாவுக்கு மூக்கில் அழுத்தாத பிரேமாகத் தேடித் தேடி எடுத்துக் கொடுப்பார்.

இரும்புக்காதுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. ஒரு ஆல்பத்தை மூன்று முறை முழுசாகக் கேட்காமல் மதிப்பெண் போடுவதில்லை. மதிப்பெண் பத்துக்கு. ஒருமுறை போட்டால் போட்டதுதான். யார் வந்து அழுதாலும் மாறாது. இந்தக் கடைசி வரியைத் தன் பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டு வைத்திருந்தார்.

அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் ஒரு வரிசை தெரியும். அவர் காலேஜ் படித்த காலத்திலிருந்து கொடிகட்டிப் பறக்கும் 'கருங்கோட்டை', 'எரிமலைச் சங்கிலி' போன்ற பெரிய குழுக்களுக்கு ஒன்பது. அவர்கள் கொட்டாவி விட்டுப் பதிவு செய்திருந்தாலும் எட்டரை. பெயர் தெரியாத புதுக் குழுக்களுக்கு நாலு, ஐந்து. ஆறு வாங்கியவர்கள் அன்று வீட்டில் இனிப்பு செய்திருப்பார்கள். ஏன் இப்படி என்று விளக்கி 'மெலிந்துபோன இரும்பு' என்ற தலைப்பில் ஏழு பாகக் கட்டுரைத் தொடரே எழுதினார். இந்தக் காலத்துக் குழுக்களிடம் சத்தம் இருக்கிறது, சதை இல்லை. ஒரு கிடார் ஒலிக்கிறது, இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். ஆறாம் பாகத்தைப் பதினாறு பேர் மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதினாறைப் பற்றி மனைவியிடம் ஒரு வாரம் பேசினார்.

இவ்வளவையும் அவர் எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலையிலிருந்து ஊசி குத்திக் களைத்து வந்தவள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாவியை மறந்துவிட்டிருந்தாள். உள்ளே இவர் இரண்டு காதிலும் இயர்பட் மாட்டிக்கொண்டு 'எரிமலைச் சங்கிலி'யின் புது ஆல்பத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து நிமிஷம். கடைசியில் அவள் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னல் வழியாகக் கரண்டியை எடுத்து எறிந்தபோதுதான் ஆட்டம் நின்றது.

அன்று வீட்டில் புதுச் சட்டம் வந்தது. "ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு உட்காரக் கூடாது. ஒரு காது உங்க பாட்டுக்கு. இன்னொன்னு எனக்கு."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் கடைக்கும் அது வசதியாக இருந்தது. இடது காதில் பாட்டு; வலது காது வாடிக்கையாளருக்கும் வாசல் மணிக்கும். லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டே ஒரு நாளைக்கு இரண்டு ஆல்பம் முடித்துவிடுவார். வலது இயர்பட் டப்பாவுக்குள் முழு சார்ஜோடு சுகமாகத் தூங்கிற்று. ஒருமுறை ஒரு ஆல்பம் முடிந்து நாலு நிமிஷம் ஆன பிறகும் இயந்திரத்தின் 'க்ரீச்'சுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கவுன்ட்டர் பெண் பார்த்துவிட்டாள். அதை அவர் எங்கும் எழுதவில்லை.

இந்த நிலைமையில்தான் 'துருச்சாவி' என்ற குழுவின் முதல் ஆல்பம் 'ஈரச் சாம்பல்' தபாலில் வந்தது. யாரும் கேள்விப்படாத நாலு பேர். அட்டையில் புகைப்படம். நடுவில் ஒருவர் காலை அகட்டி, கிடாரை வேட்டைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்து நிற்கிறார். ஓரத்தில் ஒரு பெண், கிடாரோடு, பாதி உடம்பு படத்துக்கு வெளியே, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல எங்கோ பார்க்கிறாள்.

சட்டப்படி மூன்று முறை கேட்டார். ஒரு தலைமையாசிரியரின் கிட்டத்துக்கும் தூரத்துக்குமான கண்ணாடி தேய்ந்து முடிந்தபோது விமர்சனமும் மனதில் தயாராகிவிட்டது. நாலரை.

"முதல் கிடார்காரர் மலை. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் தனியாக வாசிக்கும் அந்த நாற்பது நொடிக்காக மட்டுமே இந்த ஆல்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கிடார்? அந்தப் பெண்மணியை நான் புகைப்படத்தில்தான் பார்த்தேன். பதிவு நடந்த நாட்களில் அவர் விடுப்பில் இருந்திருக்க வேண்டும்."

எழுதி முடித்துவிட்டு, 'விடுப்பில்' என்ற சொல்லை ரசித்து இன்னொருமுறை படித்தார். ஐம்பத்தேழு பேர் இதயம் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது.

"வணக்கம் சார். புகைப்படத்தில் மட்டும் இருப்பவள் எழுதுகிறேன். பகலில் நாய், பூனைகளுக்கான ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். பத்து வருஷமாக வாசிக்கிறேன். நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதானோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. எங்களைத் தெரியாத ஒருவரே மூன்று முறை கேட்டுவிட்டுச் சொன்ன பிறகு அது உறுதியாகிவிட்டது. வரும் சனிக்கிழமை காலைப் பயிற்சியோடு நின்றுகொள்கிறேன். கிடாரை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டேன். ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி."

இதைப் படித்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்பது வேறு. தோன்றியது பெருமை. போனை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

"பாத்தியா? நம்ம எழுத்துக்கு என்ன பவர்னு பாத்தியா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். "ஒரு பொண்ணு கிடாரை விக்கறா. இதுல உங்களுக்கு என்ன பெருமை?"

"கலைன்னா அப்படித்தான்மா. தாங்கறவங்கதான் நிப்பாங்க." இது இரும்புக்காதின் குரல்.

"போன வாரம் ஒருத்தர் பிரேம் கோணலா இருக்குன்னு சொன்னதுக்குச் சாப்பிடாம படுத்த ஆளு நீங்க. தாங்கறதைப் பத்திப் பேசறீங்க."

"அது வேற."

"எப்படி வேற?"

வாசல் மணி அடித்தாற்போலப் பாவனை செய்துகொண்டு அந்த இடத்தை விட்டு நழுவினார்.

வியாழக்கிழமை மதியம் இருவரும் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணம். மனைவியின் போன் பாதி வழியில் உயிரை விட்டது. ஜன்னல் வழியாக எத்தனை நேரம்தான் மரத்தையே பார்ப்பது?

"அந்த இன்னொன்னைக் குடுங்க" என்றாள்.

அவருக்கு நம்ப முடியவில்லை. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் அவருடைய பாட்டைக் கேட்கக் கேட்டது இதுதான் முதல் தடவை. டப்பாவைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த வலது இயர்பட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். வேண்டுமென்றே 'ஈரச் சாம்பல்' போட்டார்.

"நாலரை நியாயமா இல்லையான்னு நீயே சொல்லு. உன் தீர்ப்புக்கு விட்டுடறேன்."

மூன்று நிமிஷம் கேட்டாள். பிறகு, "இதைப் போயா இல்லைன்னு எழுதினீங்க?" என்றாள்.

"எதை?"

"இதைத்தான். பின்னால ஒண்ணு ஏறி ஏறி வருதே. மாடிப்படியில யாரோ ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கிட்டு ஏறற மாதிரி. நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி ஏறுது. நல்லா இருக்கே."

"ஏம்மா, அப்படி ஒண்ணுமே இல்லையே. டர்ர் டர்ர்னு ஒத்தக் கிடார்தான் ஓடுது."

"உங்க காதுல என்ன அடைச்சிருக்கு? இந்தாங்க, இதைப் போட்டுக் கேளுங்க."

மாற்றிக்கொண்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் வலது இயர்பட்டை வலது காதில் வைத்தார்.

ஈரத் துணி வாளி ஏறிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் அவர் கேட்ட கிடார் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பதில் முழுக்க இந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி, அந்தப் பெண் மேலே வந்துகொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கு இது தெரியாத விஷயமே இல்லை. மெட்டல் பதிவில் இரண்டு கிடாரையும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பார்கள். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்காக இதை விளக்கி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மண்டை ஒன்று வரைந்து, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு. அதை எழுதியபோதும் இடது காதில் மட்டும்தான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்ட மனைவி மூன்று நிறுத்தம் தாண்டும்வரை சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் பார்த்தார்.

"அப்ப இந்த ரெண்டரை வருஷமா எல்லாரையும் பாதி கேட்டுட்டுத்தான் மார்க் போட்டீங்களா?"

"மெதுவாப் பேசு."

"எத்தனை ஆல்பம்?"

"தொண்ணூத்தேழு."

"உங்க பெரிய ஆளுங்க, கருங்கோட்டை, அவங்களுக்கு மட்டும் எப்படி ஒம்போது வந்துச்சு?"

அதற்கும் விடை அவருக்கு அந்த நிமிஷமே கிடைத்துவிட்டது. அவர்கள் கிடாரை இழைக்கும் விதம் அவருக்கு இருபது வயதிலேயே மனப்பாடம். புது ஆல்பம் போட்டாலும் இடது பக்கம் கேட்டால் போதும்; வலது பக்கத்தை ஞாபகமே வாசித்துவிடும். புதுக் குழுக்களுக்கு அப்படி வாசித்துக் கொடுக்க அவருக்குள் யாரும் இல்லை. ஓட்டை என்று ஏழு பாகம் எழுதினாரே, அந்த ஓட்டை அவருடைய வலது காதின் அளவுக்குச் சரியாக இருந்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு மெல்ல நின்றது. "அந்தப் பொண்ணு சனிக்கிழமைன்னு எழுதியிருந்தாளே. நாளை மறுநாள்."

அண்ணன் வீட்டு பால்கனியில், காபி ஆறிக்கொண்டிருக்க, அவர் போனைத் திறந்து ஒரு காரியம் செய்தார். தன் மானத்துக்கும் சேதமில்லாமல், அவளுக்கும் நல்லது நடக்கும்படியாக ஒரு நடுவழி. "மறுமுறை கேட்டதில் 'ஈரச் சாம்பல்' ஆல்பத்தின் சில நுணுக்கங்கள் புலப்பட்டன. மதிப்பெண் நாலரையிலிருந்து எட்டாக உயர்த்தப்படுகிறது."

உயர்த்தப்படுகிறது! அரசாங்க அறிவிப்பு மாதிரி. யார் உயர்த்தியது, ஏன் உயர்த்தியது, மூச்சே இல்லை.

அவருடைய இணையப் பக்கத்தில் கலவரம் மூண்டது. "அண்ணே, வீட்டுக்கு வந்து மிரட்டினாங்களா?" என்று ஒருவர். "இரும்பு இளகிடுச்சு" என்று இன்னொருவர். அரை மணியில் நர்ஸிடமிருந்து பதில் வந்தது.

"சார், என் கடிதத்தைப் படித்து இரக்கப்பட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. இரக்கத்துக்குப் போடும் மூன்றரை மதிப்பெண் எனக்கு வேண்டாம். மாற்றமாட்டேன் என்று மேலே எழுதி வைத்திருந்ததால்தான் உங்களை நம்பினேன்."

கண்ணாடிக்கடைக்காரர் உண்மையை எழுத ஆரம்பித்தார். 'நான் ஒரு காதில்...' வரைக்கும் வந்தார். அழித்தார். மறுபடி எழுதினார். ஆறு வருஷமாகச் சேர்த்த பெயர். கடையில் அவரை யாரும் பயந்து பார்த்ததில்லை. அந்த ஒரு பக்கத்தில்தான் நாலு பேர் பயந்தார்கள். அதுவும் போனால் மிச்சம் இருப்பது கழுத்துச் சங்கிலி மட்டும்தான்.

"எழுதாதீங்க" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி. "இனிமே நீங்க என்ன எழுதினாலும் அவ நம்ப மாட்டா. நேர்ல போய்ச் சொல்லுங்க."

"நேர்லயா? அவங்கல்லாம் ஆணி வச்ச பெல்ட் போட்ட ஆளுங்கம்மா."

"நான் வரேன். ஒரு காது எனக்குன்னு சொன்னது நான்தானே. பாதிப் பழி என்னோடது."

சனிக்கிழமை கடைக்கு விடுமுறை அட்டை தொங்கியது. இருவரும் ரயிலில் இரண்டு மணி நேரம் போனார்கள். பயிற்சி நடக்கும் இடத்தின் விலாசம் ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது. ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடி. கீழே விற்காமல் கிடந்த மெத்தைகளைச் சுவர் முழுக்கச் சாய்த்துக் கட்டி, சத்தம் வெளியே போகாமல் செய்திருந்தார்கள். பூப்போட்ட மெத்தைகள். ஆணி வைத்த பெல்ட் எதுவும் கண்ணில் படவில்லை.

உள்ளே நாலு பேர். ஓரத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களை ஒவ்வொன்றாகப் பழைய துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் இரும்புக்காது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். வாய்விட்டுச் சொன்னபோது அந்தப் பெயர் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

"இவரா?" என்றான் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த பருமனான பையன். பேக்கரிக்காரன், முழங்கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. "நான் என்னமோ ஆறடி இருப்பாருன்னு நெனச்சேன்."

ஆல்பத்தில் பாறை உருளுவது போல உறுமிப் பாடியவர் முன்னால் வந்தார். பகலில் ஏதோ கம்பெனியில் போனில் வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை அவருக்கு. குரல் வெண்ணெயாக வழிந்தது. "வாங்க சார், வாங்கம்மா. காத்திருக்க வச்சதுக்கு மன்னிக்கணும். என்ன விஷயமா வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அதற்குள் முதல் கிடார்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். "மலைன்னு எழுதினீங்களே சார்! பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். என் மாமியாரே படிச்சுட்டாங்க."

நர்ஸ் எழுந்திருக்கவில்லை. "உட்காருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். "இதுல இடது பக்கத்தை மட்டும்தான் நான் பயன்படுத்துவேன். உங்க ஆல்பத்தை இடது காதுல மட்டும்தான் கேட்டேன். மூணு தடவையும். வியாழக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது."

முதலில் புரிந்தது பேக்கரிக்காரனுக்குத்தான். குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சுவர் மெத்தையில் சாய்ந்து, அதோடு சேர்ந்து தரைக்குச் சரிந்தான். உறுமுபவர் பதற்றமே இல்லாமல், "உறுதிப்படுத்திக்கறேன் சார். எவ்வளவு காலமா வலது பக்கத்தைப் பயன்படுத்தலை?" என்றார்.

"ரெண்டரை வருஷம்."

"குறிச்சுக்கறேன் சார்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அவரும் வெடித்துச் சிரித்தார்.

"ஒரு பக்கக் கண்ணாடி இல்லாம ஹைவேயில வண்டி ஓட்டியிருக்கீங்க சார்" என்றார் மாஸ்டர். "லைசென்ஸைப் பிடுங்கணும்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. அட, இவ்வளவுதானா! சிரிக்கிறார்கள், அடிக்கவில்லை. லென்ஸ் இயந்திரத்துக்குத் தாளம் போட்ட கதையையும் எடுத்து விட்டார். அதற்கும் சிரித்தார்கள். எழுதினால் இன்னும் நன்றாக வரும் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் ரயிலிலேயே மூன்று நகைச்சுவை யோசித்து வைத்திருந்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை.

"சார், மூணாவது பாட்டுல நடுவுல நாப்பது நொடி தனியா வருதே. அது உங்களுக்கு எந்தக் காதுல கேட்டுச்சு?"

"அது ரெண்டுலயும் வரும். தனியா வாசிக்கறதை நடுவுல வைப்பாங்க" என்றார், நன்றாகப் படித்துவிட்டு வந்த மாணவனைப் போல.

"அது நான் வாசிச்சது."

மாஸ்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

"அதை இவர் வாசிச்சதா எழுதியிருந்தீங்க. அதுக்கும் காதுதான் காரணமா?"

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். இயர்பட் டப்பா கையில் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை. ஆல்ப அட்டையின் உட்பக்கத்தில் எந்தப் பாட்டில் யார் தனியாக வாசித்தார்கள் என்று அச்சிட்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிறிய எழுத்து. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் சிறிய எழுத்தைப் படிக்க வைத்துப் பிழைக்கிறவர் அதைப் படிக்கவில்லை.

"இல்ல" என்றார். "படத்துல அவர் நடுவுல நின்னாரு. அதனால அவருதான்னு எழுதிட்டேன்."

"நல்லா இருந்தா அவரு. கேக்கலைன்னா நான்."

"ஆமா."

"லெட்டர்ல இதை ஏன்மா எழுதலை?" என்று மனைவி கேட்டாள்.

"எழுதினா பேருக்குச் சண்டை போடற மாதிரி இருக்கும்க்கா. நான் வாசிச்சதையே ஒருத்தர் மூணு தடவை கேட்டுட்டு இவர் வாசிச்சதுன்னு சொன்னா, நான் இல்லாமலே எல்லாம் நடந்துடும் போலிருக்கேன்னு தோணிச்சு." அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒண்ணும் சொல்லலை மாஸ்டர்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் மாஸ்டர். "ஃபிரிட்ஜ்ல ஒட்டினதுக்கு அப்புறம்... மாமியார் வேற படிச்சுட்டாங்களா..."

"முதல்ல வீட்டுக்குப் போய் அதைக் கிழிங்க மாஸ்டர்" என்றான் தரையில் கிடந்த பேக்கரிக்காரன். அவனும் இப்போது சிரிக்கவில்லை.

நர்ஸ் ஒரு பெடலைத் துண்டில் சுற்றினாள். "சார், காது கதையை நீங்க எழுதிடுவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எவ்வளவு நேர்மையான மனுஷன்னு உங்களை முன்னைவிட ஜாஸ்தி பிடிக்கும். அதுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. இந்த ரெண்டாவது கதையை எழுதுவீங்களா?"

காதைப் பிடித்துத் திருகியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. ரயிலில் யோசித்த மூன்று நகைச்சுவையும் ஞாபகத்தில் வரிசையாக நின்று பல்லை இளித்தன. தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டால் மற்றவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கு, அவருக்கே தெரியாமல் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இப்பவே எழுதறேன்" என்றார்.

பூப்போட்ட மெத்தை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தட்டினார். இரண்டாவது வரியிலேயே பழைய புத்தி எட்டிப் பார்த்தது. தன் மண்டையின் வலது பாதியை வாடகைக்கு விடுவது பற்றி ஏதோ எழுதினார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி, "அதை எடுங்க" என்றாள். எடுத்தார்.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

"'ஈரச் சாம்பல்' மூன்றாவது பாட்டில் தனியாக வரும் கிடாரை வாசித்தவர் இரண்டாவது கிடார்காரர். அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. நன்றாக இருந்ததால், படத்தில் நடுவில் நின்ற ஆண்தான் வாசித்திருப்பார் என்று நானாக முடிவு செய்து எழுதினேன். மேலும், இந்த ஆல்பத்தையும் இதற்கு முந்திய தொண்ணூற்றாறு ஆல்பங்களையும் நான் இடது காதில் மட்டுமே கேட்டேன். அந்த மதிப்பெண்கள் எதுவும் செல்லாது. இனி மதிப்பெண் போடுவதாக இல்லை."

அனுப்புவதற்கு முன் நர்ஸிடம் காட்டினார். அவள் நிதானமாகப் படித்தாள். "ஆண்னு போட்டிருக்கீங்க."

"அதுதானே நடந்தது."

"ம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அனுப்பினார். இரண்டாவது நிமிஷமே போன் துடிக்க ஆரம்பித்தது. "எங்க ஆல்பத்துக்கு நாலு போட்டியேடா, பாவி" என்று வேறொரு குழுவின் டிரம்ஸ்காரர் எழுதியிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். வாளியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று இவர் எழுதியது அந்த ஆளைப் பற்றித்தான்.

"அக்கா, கிடார் விளம்பரத்தை எடுத்துடவா?" என்று பேக்கரிக்காரன் மெதுவாகக் கேட்டான்.

"அவர் எழுதினதால நான் போகவும் வேண்டாம், அவர் எழுதினதால நான் இருக்கவும் வேண்டாம். என்னை யோசிக்க விடு."

உறுமுபவர் தொண்டையைக் கனைத்தார். மாஸ்டர் கிடாரைக் கையில் எடுத்துக்கொண்டு அறையின் நடுவிலிருந்து நகர்ந்து சுவரோரம் போனார். "மூணாவதை வாசிக்கலாமா? நீ நடுவுல வந்து நில்லும்மா. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

நர்ஸ் அவரைப் பார்த்தாள். அப்புறம் அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, மேலே இருந்த பெடலைத் துண்டிலிருந்து பிரித்தாள்.

"என் கேபிள் அங்க எட்டாது மாஸ்டர். நீங்க பழைய இடத்துலயே நில்லுங்க. ஆனா அடுத்த தடவை யாராவது மலைன்னு சொன்னா, எந்த மலைன்னு கேளுங்க." கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் திரும்பி, தன் ஸ்பீக்கருக்கு எதிரே கிடந்த ஸ்டூலைக் காட்டினாள். "சார், நீங்க இங்க வந்து உட்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். மனைவி பையிலிருந்து பஞ்சை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, அவருக்கு நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். அது தவறு என்று பத்து நொடியில் புரிந்தது. பேக்கரிக்காரன் குச்சியை நாலு முறை தட்டியதும் ஸ்டூல், நெஞ்செலும்பு, கடைவாய்ப் பல் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. வெண்ணெய்க் குரல்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாறையை உருட்டினார்.

நடுவில் அந்த நாற்பது நொடி வந்தது. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, நர்ஸ் தலையைக் குனிந்து வாசித்தாள். கிடாரின் கழுத்தில் அவள் விரல்கள் ஏறுவதைக் கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். ஆள்காட்டி விரலில் பூனையோ நாயோ கடித்த தழும்பு. பதிவில் இருந்ததைவிட ஒரு சுற்று அதிகமாக வாசித்தாள். நாற்பது நொடி ஐம்பதாயிற்று, அறுபதாயிற்று.

பேக்கரிக்காரனுக்குத் தாங்கவில்லை. அடித்துக்கொண்டே கத்தினான். "அக்கா! இன்னொரு சுத்து!"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவள் திருப்பிக் கத்தினாள். "இப்ப நீ தாளத்தை விடாதடா!"